‘எடுத்தாச்சு’ என்று எழுதிவிட்டு மாப்பிள்ளையானவன்

போன வாரம் உங்கள் அறையில் நடந்த சண்டை என் காதுவரைக்கும் வந்துவிட்டது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? நாமே எழுதி நாமே பராமரிக்கும் எடிட்டர் மென்பொருளில் ஒரு ஃபைலை அழித்த பிறகும் அதன் பெயர் திரையின் இடப்பக்கம் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் விவகாரமாம். பாதிப் பேர், “போன ஃபைலுக்கு எதுக்கு இடம்? திரை சுத்தமா இருக்கட்டும்” என்றீர்களாம். மீதிப் பேர், “அதன் வரலாறு வேண்டும்” என்றீர்களாம். ஒருவர் கோபத்தில் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாராம். அதுமட்டும் தப்பு. எந்தக் கட்சியாக இருந்தாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் வெளிநடப்பு செய்ய வேண்டும்.

என்னைத் தீர்ப்பு சொல்லக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தீர்ப்பெல்லாம் எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது ஒரு கல்யாணக் கதை. அதைக் கேட்டுவிட்டு, மறுபடியும் சண்டை போடுங்கள். அப்போதாவது காரணத்தோடு போடலாம்.

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கார் சீட்டுக்கு அடியில் போகும் இரும்புத் தாங்கிகள் செய்தோம். வெல்டிங் எல்லாம் ரோபோ. அந்த ரோபோ கை எங்கே போக வேண்டும், எங்கே தாழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை வரிவரியாக ஒரு ஃபைலில் எழுதி வைப்போம். ஒரு மாடலுக்கு ஒரு ஃபைல். அதை எழுதத்தான் இந்த எடிட்டரை எங்கள் சின்னக் குழு செய்தது. ஃபைலில் என்ன மாறினாலும், யார் மாற்றினார், என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று வெர்ஷன் கன்ட்ரோல் என்கிற மாற்றப் பதிவேட்டில் பதிவாகிவிடும்.

அந்த ‘ஏன்’ என்கிற ஒரு வரியில்தான் நம்மவர்களின் திறமை முழுசாக வெளிப்படும். ‘ஓகே’ என்று எழுதுவார்கள். ‘ஃபைனல்’ என்று எழுதுவார்கள். மறுநாளே ‘நிஜமா ஃபைனல்’. அதற்கு அடுத்த நாள் ‘முருகன் மேல சத்தியமா ஃபைனல்’. ஒரு புண்ணியவான் வெறும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

எங்கள் குழுவில் மகாராஜன் என்று ஒருவன். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை. கூட்டுரோடு பக்கம் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். ரோபோ நகரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான், அது நின்ற பிறகுதான் மூச்சு விடுவான். நல்ல வேலைக்காரன்தான். ஆனாலும் ஒப்பந்த ஊழியனாகவே ஓட்டிக்கொண்டிருந்தான். நிரந்தரம் ஆக்குகிறோம், ஆக்குகிறோம் என்று அவனது கன்ஃபர்மேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள்.

பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்த கீதாவும் அவனும் ஒரே பஸ்ஸில் வந்து போனார்கள், பிறகு ஒரே வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார்கள். கீதாவின் அப்பாவுக்கு மாப்பிள்ளை மேல் குறை எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். “பையன் எப்ப பெர்மனென்ட் ஆவான்?” எங்கள் பிளான்ட் ஹெட், “கல்யாணம் முடிஞ்சு வரட்டும், கையெழுத்து போட்டுர்றேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் முகூர்த்தம் குறித்தார்கள்.

கல்யாணத்தன்று காலையில் நானும் அந்தோணியும் மட்டும் வேலைக்கு வந்திருந்தோம். அந்தோணி எங்கள் குழுவில் இன்னொருவன், உள்ளூர்க்காரன், வாய் ஓயாது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வேலையை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்து நேராகக் கோயிலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. நான் பட்டுப்புடவையில், காலில் பாதுகாப்பு ஷூவோடு உற்பத்தி லைனில் நடந்துகொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மேசை மேல் கல்யாணப் பரிசாக ஒரு பெரிய இட்லி குக்கர் ரிப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து பிளான்ட் ஹெட்டுக்கு ஒரு போன். நாங்கள் செய்வதை நிறுத்தியிருந்த ஒரு பழைய மாடல் தாங்கி வாடிக்கையாளருக்கு உடனே வேண்டுமாம். அவர்களுடைய லைன் அதற்காக நின்றுகொண்டிருக்கிறதாம், லாரியும் கிளம்பிவிட்டதாம். வெல்டிங் செய்யும்போது இரும்புத் துண்டைப் பிடித்து வைக்கும் ஸ்டாண்டு எங்களிடம் இருந்தது. இரும்பும் இருந்தது. ரோபோவுக்கு வேண்டிய ஃபைல்தான் இல்லை.

“மேடம், போல்டர்ல ஃபைலே காணோம்” என்றான் அந்தோணி. “ஹிஸ்டரி பாக்கலாம்னா, அந்தப் பட்டன் செத்துப் போயி கீது.”

செத்துத்தான் போயிருந்தது. எங்கள் எடிட்டரில் ஒரு ஃபைலின் வரலாற்றைப் பார்க்க வேண்டுமென்றால், முதலில் அந்த ஃபைலைத் திறக்க வேண்டும். ஃபைல் இல்லையென்றால் திறக்க முடியாது. திறக்க முடியாவிட்டால் வரலாறும் கிடையாது. இதைச் செய்தபோது எங்கள் யாருக்கும் இதில் எந்தக் குறையும் தெரியவில்லை. இருக்கிற ஃபைலை வைத்தே எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துக் கைதட்டிக்கொண்டோம்.

மொத்த மாற்றங்களின் பட்டியலில் கீழே தள்ளித் தள்ளிப் போனதில் ஒரு வரி மட்டும் கிடைத்தது. ‘பழைய மாடல் ஃபைல் எடுத்தாச்சு. மகாராஜன்.’ அதைச் சொடுக்கினால், அந்த ஃபைலைத் திறக்கப் போய், கிடைக்கவில்லை என்று சிவப்பில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு எடிட்டர் நின்றுவிட்டது.

பிளான்ட் ஹெட் எங்கள் பின்னால் வந்து நின்று அந்த வரியைப் படித்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரத்தில் குரல் மட்டும் லைன் முழுக்கக் கேட்கும்.

“எடுத்தாச்சா? இன்னா மேடம் இது? யாரைக் கேட்டு எடுத்தான்?”

“சார், எடுத்தாச்சுன்னா காப்பி எடுத்து வச்சிக்கிறான் சார். பேக்கப் எடுத்தாச்சுன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி” என்றான் அந்தோணி.

“சாப்பாட்டுல கெடந்த முடியை எடுத்தாச்சுன்னா பேக்கப்பா எடுக்கிறோம்? தூக்கிப் போட்டான்யா!”

அந்தோணி விடவில்லை. “ஆள் எடுத்தாச்சுன்னா வேலைக்குச் சேத்துக்கினாங்கன்னு அர்த்தம் சார்.”

இருவர் சொல்வதும் சரிதான். நம் மொழியில் இந்த ஒரு சொல் கொடுக்கிற வேலைக்கு அளவே இல்லை. புடவை எடுத்தாச்சு என்றால் கையில் இருக்கிறது. கறை எடுத்தாச்சு என்றால் போய்விட்டது. ஃபைல் எடுத்தாச்சு என்றால் பத்திரமாக இருக்கிறதா, ஒழிந்தே போனதா? எழுதியவனுக்குத்தான் தெரியும், அவனோ அந்த நேரம் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வல்லக்கோட்டையில் இருக்கிறான்.

அதற்குப் பிறகு பிளான்ட் ஹெட் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. “கன்ஃபர்மேஷன் தள்ளிப் போச்சுன்னு கடுப்புல அழிச்சிட்டுப் போயிருக்கான் மேடம். இப்படிப்பட்டவனுக்கா நான் கையெழுத்து போடணும்? போட மாட்டேன். கூப்பிடுங்க அவனை. இங்க வந்து பதில் சொல்லிட்டு அப்புறம் தாலி கட்டட்டும்.”

அதோடு விடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். மெஷின் வாங்கிய புதிதில் யாரோ எடுத்து வைத்த பழைய காப்பி. “இதுல இருக்கு. இதைப் போட்டு ஓட்டுங்க.”

நான் போனையும் எடுக்கவில்லை, பென் டிரைவையும் தொடவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. லாரி வந்துகொண்டிருக்கிறது, எதிரில் மேலதிகாரி நிற்கிறார், மேசையில் தயாராக ஒரு விடை இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் விடையை எடுத்துக்கொள்ளத்தான் எல்லோருக்கும் கை நீளும். ஆனால் மகாராஜனை எனக்குத் தெரியும். போன் அடித்தால் மாலையோடு பைக்கில் ஏறி வந்துவிடுவான். வந்துவிடுவான் என்பதுதான் என் கவலையே. மணமேடையில் கீதாவும் அவள் அப்பாவும் என்ன நினைப்பார்கள்? இன்னொன்று, ஒரு ஃபைல் தானாக எழுந்து போகாது. ஒருவன் எடுத்திருக்கிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது கடுப்பாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியாமல் பழைய காப்பியைப் போட்டு ஓட்ட என் மனம் ஒப்பவில்லை.

“சார், நீங்க ஒரு டீ சாப்பிட்டு வாங்க. அதுக்குள்ள கண்டுபிடிக்கலன்னா நானே அவனுக்குப் போன் பண்றேன்” என்றேன்.

“டீ குடிக்கிற நேரம்தான். அதுக்கு மேல கிடையாது” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நான் அந்தோணியிடம் கேட்டேன். “கூட்டுரோட்டுல ரூமைக் காலி பண்ணிட்டுப் போன ஒருத்தனைத் தேடுறேன்னு வை. எங்க போய்க் கேப்ப?”

“ரூம் ஓனர்கிட்ட. எங்க போனான், ஏன் போனான், எத்தினி பேர்கிட்ட சண்டை போட்டான், எல்லாம் சொல்வாரு.”

“நம்ம எடிட்டர் இன்னா பண்ணுது?”

அந்தோணி சிரித்துவிட்டான். “காலி ரூம் கதவைத் தட்டிக்கினு நிக்குது மேடம்!”

சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். திரையில் இருந்த சிவப்புச் செய்தியைக் காட்டினான். ஃபைல் கிடைக்கவில்லை என்று சொன்ன அந்தச் செய்தியிலேயே, கிடைக்காத ஃபைலின் பெயர், எந்த போல்டரில் இருந்தது என்பது உட்பட முழுசாக இருந்தது.

“இதே பேர்ல, இதே எடத்துல, ஒரு காலி ஃபைல் போட்டா இன்னா மேடம்? தெறக்க ஒரு ஃபைல் வேணும், அவ்ளோதானே அதுக்கு?”

போட்டான். உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாத வெறும் ஃபைல். அதைத் திறந்ததும் செத்துக் கிடந்த ஹிஸ்டரி பொத்தான் பளிச்சென்று உயிர் பெற்றது. அழுத்தினால், அந்தப் பெயரில் ஒரு காலத்தில் இருந்த ஃபைலின் மாற்றங்கள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. நான் பட்டுப்புடவையோடு குதித்தேன். ஷூ போட்டிருந்ததால் சத்தம் பலமாகக் கேட்டது.

மேலே இருந்த மாற்றம், ஃபைலை அழித்தது. அதற்கு முந்தையதும் மகாராஜன் செய்ததுதான். அதைத் திறந்தோம். ஃபைலின் முதல் வரிக்கு மேலே அவன் இப்படி எழுதியிருந்தான்:

‘ஸ்டாண்டில் துண்டை இறுக்கிப் பிடிக்கப் புது கிளாம்ப் மாட்டியிருக்கு. பழசைவிட உயரம். இதை இப்படியே ஓட்டினால் ரோபோ கை கிளாம்ப்பில் இடிக்கும். பழைய மாடல் திரும்ப வந்தால், நடுவில் ரோபோ கை தாண்டிப் போகும் இடங்களை உயர்த்திவிட்டு ஓட்ட வேண்டும். லைனில் பெயரைப் பார்த்தே தேர்வு செய்கிறார்கள், யாரும் உள்ளே படிப்பதில்லை. அதனால் தெரியாமல் ஓட்டிவிடாதபடி ஃபைலை எடுக்கிறேன்.’

அந்தோணி எழுந்து ஸ்டாண்டிடம் ஓடினான். கிளாம்ப்புக்குப் பக்கத்தில் கையை வைத்து அளந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினான். “ஆமா மேடம்! இத்தினி ஒசரம் கீது! இடிச்சிருந்தா கை காலி!”

அப்போதுதான் பிளான்ட் ஹெட் திரும்பி வந்தார். திரையைக் காட்டினேன். அவர் ஒரு முறை படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு மேசையில் இருந்த பென் டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதில் இருந்த காப்பி இந்தக் குறிப்புக்கெல்லாம் ரொம்ப முந்தையது. அதை ஓட்டியிருந்தால் ரோபோ கை போயிருக்கும், பக்கத்தில் நின்ற யாருக்காவது அடியும் பட்டிருக்கும்.

பாருங்கள், சொல்லின் அர்த்தத்தில் அவர் சொன்னதுதான் சரி. மகாராஜன் அந்த ஃபைலை அழித்துத்தான் இருந்தான். ஆளைப் பற்றி நினைத்ததில்தான் தவறிவிட்டார். அழித்தான் என்பது மட்டும் தெரிந்து, ஏன் அழித்தான் என்பது தெரியாமல் இருந்ததால், ஒரு நல்ல பையனின் வேலையே போகப் பார்த்தது.

அந்தோணி அந்தக் கடைசிப் பதிவை மீட்டு, மகாராஜனின் குறிப்புப்படி இடங்களை உயர்த்தினான். முதலில் துண்டு வைக்காமல் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ரோபோ கை கிளாம்ப்புக்கு மேலே அழகாகத் தாண்டிப் போனது. மகாராஜனைப் போலவே நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் தாங்கி வெளியே வந்ததும் அந்தோணி விசில் அடித்தான். வழக்கமாக லைனில் விசில் அடித்தால் திட்டுகிற பிளான்ட் ஹெட், அன்று காதே கேட்காதவர் போல நின்றார். லாரி வந்தது, ஏற்றினோம், அனுப்பினோம்.

இனி உங்கள் சண்டைக்கு வருகிறேன்.

திரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்கள் சொல்வதும் நியாயம்தான். மகாராஜனே அதற்காகத்தானே எடுத்தான்? பெயர் கண்ணில் பட்டால் எவனாவது எடுத்து ஓட்டிவிடுவான். ஆகவே ஓட்டுகிற இடத்தில் அந்தப் பெயர் இருக்கக் கூடாது. ஆனால் தேடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். அதனால் அடுத்த வாரமே நாங்கள் எடிட்டரை மாற்றினோம். போல்டர் பெயரிலேயே வரலாற்றைக் கேட்கலாம். கேட்டால், அங்கே இருந்துபோன ஃபைல்கள் மங்கலான எழுத்தில் வரும், கேட்காதவரைக்கும் வராது. அதில் ஒன்றைத் தொட்டால், காணோம் என்று கையை விரிக்காமல், கடைசியாக அதில் என்ன இருந்ததோ அதை அப்படியே காட்டும்.

திரும்பக் கொண்டுவரும் பொத்தானைப் பற்றித்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒரே அழுத்தில் ஃபைல் திரும்பி வந்துவிட வேண்டும், அதுதான் வசதி என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரே அழுத்தில் வந்திருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும்? அதனால், கடைசியாகத் தொட்டவர் எழுதிய காரணத்தை முதலில் காட்டும், அதற்குப் பிறகுதான் பொத்தான் வேலை செய்யும். இன்றைக்கு உங்களில் சிலர் அதை எரிச்சல் என்கிறீர்களாம். கொஞ்சம் எரிச்சலாக இருந்தால் இருக்கட்டும். அந்த எரிச்சலை நான்தான் வேண்டுமென்றே வைத்தேன்.

அழிக்கும்போது எடிட்டர் கேட்கிற கேள்வி அந்தோணியின் யோசனை. ‘ஒழித்தீர்களா, வேறு இடத்தில் வைத்தீர்களா? ஏன்?’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணத்தையும் எழுதினால்தான் மேலே நகர முடியும். ‘எடுத்தாச்சு’ என்று மட்டும் எழுதினால் ஏற்றுக்கொள்ளாது. அந்தச் சொல்லுக்காகவே தனியாகத் தடை எழுதினோம். ஒரு சொல்லுக்குத் தடை போட்ட எடிட்டர் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு இன்றும் பெருமை.

சரி, கல்யாணம் என்ன ஆயிற்று என்றுதானே பார்க்கிறீர்கள்? முகூர்த்தம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். நான், அந்தோணி, இட்லி குக்கர், கூடவே பிளான்ட் ஹெட். அவர் தானாகவே, “நானும் வர்றேன் மேடம்” என்று வண்டியில் ஏறிக்கொண்டார். கோயிலை அடுத்த மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் நின்றிருந்தார்கள். கீதாவின் அப்பா எங்கள் பெரியவரைப் பார்த்ததும் ஓடி வந்து கும்பிட்டு, மேடைக்கே அழைத்துக்கொண்டு போனார்.

பிளான்ட் ஹெட் மகாராஜனுக்குக் கை கொடுத்தார். வாழ்த்து சொல்லியிருக்க வேண்டும். மனதில் இருந்தது முந்திக்கொண்டது.

“அந்தப் பழைய மாடல் ஃபைல் கிடைச்சிடுச்சுப்பா.”

மகாராஜன் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. மாலை, பட்டுவேட்டி, சுற்றி நின்ற சொந்தம் எதுவும் அவன் கண்ணில் இல்லை.

“ஐயோ சார், அதை ஓட்டிராதிய! கை இடிச்சிரும் சார்!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பெண் வீட்டார் யார் கை, எங்கே இடிக்கும் என்று புரியாமல் பதறினார்கள். கீதா மட்டும் அவன் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “பாருங்க மேடம், தாலி கட்டும்போதுகூட நடுங்கல. இப்ப இன்னா நடுங்கு நடுங்குது!”

பிளான்ட் ஹெட் அந்தக் கையை விடவில்லை. இன்னொரு கையையும் அதன் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

“அப்படியே ஓட்டலப்பா. நீ எழுதி வச்சதைப் படிச்சிட்டுத்தான் ஓட்டினோம்” என்றார். பிறகு கீதாவின் அப்பா பக்கம் திரும்பி, லைன் முழுக்கக் கேட்கும் அதே குரலில் சொன்னார். “மாப்பிள்ளை எப்ப பெர்மனென்ட்டுன்னு கேட்டுக்கினே இருந்தீங்களாமே? இன்னிக்கே வச்சிக்கங்க. போய் மொதல் வேலையா கையெழுத்து போடறேன்.”